சுமை கைமாறிய கதை: சியரா நெவாடாவில் தன்னார்வலர் வழிநடத்திய மலைப்பயணங்கள், 1901–1988

ஊதியம் பெறாத சங்க உறுப்பினர் ஒருவர் முன்னின்று அழைத்துச் செல்ல, ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து மலையேறுவதும், பல நாள் தங்குவதற்கான உணவையும் கூடாரத்தையும் அவரவர் முதுகுப்பையிலேயே சுமந்து செல்வதும் இன்று அமெரிக்க மேற்குக் கரையில் வெகு இயல்பாக நடைபெறுகின்றன. இவ்வழக்கம் உருப்பெற்ற முதன்மையான களங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். அதை உருவாக்கியதில் பெரும்பங்கு 1892 மே 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 182 உறுப்பினர்களுடன் தொடங்கப்பட்ட சியரா கிளப் என்னும் சங்கத்துக்கு உரியது. அச்சங்கத்தின் பயணங்களைத் தொண்டுள்ளத்தின் தொடர்ச்சியான வரலாறாகக் காண்பது வழக்கம். ஆனால், பயணத்தின் சுமையை யார் தூக்கினார்கள் என்ற கேள்வியை முன்வைத்துப் பார்க்கும்போது வேறொரு வரலாறு தெரியவருகிறது. தொடக்கக் காலப் பயணங்களில் தலைமை மட்டுமே தொண்டாக இருந்தது. உழைப்பு முழுவதும் கூலிக்குப் பெறப்பட்டது. சுமை கோவேறு கழுதையின் முதுகிலிருந்து பயணியின் முதுகுக்கு மாறிய பின்னரே, பயிற்சியும் தேர்வும் பெற்றுக் குழுவின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் தன்னார்வ வழிநடத்துநர் தோன்றினார். அந்த மாற்றத்தின் படிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டாக மலையேறும் பழக்கத்தை அமெரிக்காவில் சியரா கிளப் தொடங்கிவைக்கவில்லை. பாஸ்டன் நகரில் 1876ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அப்பலாச்சியன் மவுண்டன் கிளப்பும், ஓரிகான் மாநிலத்து ஹூட் மலையின் உச்சியிலேயே 1894 ஜூலை 19 அன்று உருவான மசாமாஸ் என்னும் சங்கமும் தம் உறுப்பினர்களைக் கூட்டமாக மலைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தன. மலைப் பகுதிகளை ஆராய்வது, அவற்றில் இன்புறுவது, மக்கள் எளிதில் சென்றடையும்படி செய்வது ஆகியவற்றைத் தன் விதிமுறைகளிலேயே நோக்கங்களாக எழுதிவைத்திருந்த சியரா கிளப், முதல் ஒன்பது ஆண்டுகளில் உறுப்பினர்களைத் திரட்டி மலைக்குக் கூட்டிச் செல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்தக் குறையைப் போக்கியவர் சங்கத்தின் செயலாளரும், சுரங்கச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞருமான வில்லியம் கோல்பி. மலையைக் கண்ணால் கண்டு, அதன் புல்வெளியில் உறங்கி எழுந்தவர்களே அதற்கு ஆபத்து வரும்போது குரல் கொடுப்பார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். சங்கத்தின் தலைவரும் இயற்கையியலாளருமான ஜான் மியூர் இத்திட்டத்தை மனமார வரவேற்றதோடு, தொடக்க ஆண்டுப் பயணங்களில் தம் மகள்களுடன் தாமும் கலந்துகொண்டார்.

1901 ஜூலையில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள டுவாலமி புல்வெளியில் முதல் பயணத்தின் முகாம் அமைந்தது. 96 பேர் அதில் கலந்துகொண்டனர். பிற்காலத்தில் ‘உயர்மலைப் பயணம்’ எனப் பொருள்படும் ‘ஹை டிரிப்’ என்ற பெயரால் வழங்கிய இந்த ஆண்டுப் பயணத்தை 1929 வரை கோல்பியே ஊதியமின்றி நடத்தினார். இரண்டாம் ஆண்டில் கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்ற கூட்டம் இருநூறைத் தாண்டியது. இத்தனை பேர் வாரக்கணக்கில், கடையோ வண்டிப்பாதையோ இல்லாத உயரங்களில் தங்கி உண்பதற்கு வேண்டிய ஏற்பாடு ஒரு சிறு படையெடுப்புக்கு நிகரானது. மாவு மூட்டைகளும் தகர அடுப்புகளும் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றப்பட்டன. பொதியேற்றுவதில் கைதேர்ந்த மலைவாழ் கூலியாட்கள் அவற்றை ஓட்டிச் சென்றனர். பயணிகளின் படுக்கையும் மாற்றுத்துணியும் ஆளுக்கொரு துணிப்பையில் சுருட்டிக் கட்டப்பட்டு, எடை பார்க்கப்பட்ட பின்னரே பொதியில் ஏறின. கழுதையின் இருபுறமும் சுமை சமமாகத் தொங்க வேண்டியிருந்ததால் இந்த எடைக்கட்டுப்பாடு கண்டிப்பானதாக இருந்தது. பயணிகளோ நண்பகல் உணவு ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தனர். மாலையில் அடுத்த முகாமை அடைந்தபோது அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அடுப்பருகே நின்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தொடக்கக் காலப் பயணங்களின் தலைமைச் சமையற்காரராக இருந்த சார்லி டக்கின் பெயர் சங்கத்தின் பதிவுகளில் அன்போடு குறிக்கப்படுகிறது; எனினும் அவர் பயணியாகவோ உறுப்பினராகவோ அல்லாமல் பணியாளராக மட்டுமே அங்கிருந்தார். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. மலை எல்லாருக்கும் உரியது என்று முழங்கிய சங்கத்தின் முகாம், அக்காலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வை அப்படியே மேலே ஏற்றிச் சென்றது என்பதை மறைப்பதற்கில்லை. பயணிகள் நடந்த கணவாய்ப் பாதைகள் பலவும் மிவோக், பையூட் முதலிய தொல்குடியினர் பல தலைமுறைகளாக வணிகத்துக்காக நடந்து தேய்த்தவை என்பதும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டியது. மலையைத் தாமே முதலில் கண்டதுபோல எழுதிய பயணக் குறிப்புகள் அவர்களுக்கு உரிய இடத்தைத் தரவில்லை.

பெண்களின் நிலை இதற்கு மாறானது. முதல் பயணத்திலிருந்தே பெண்கள் பெருமளவில் கலந்துகொண்டனர்; முகாம் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி, மணமானவர்கள் பகுதி என மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், தனியே வந்த ஆசிரியைகளும் மாணவிகளும் தயக்கமின்றிச் சேர முடிந்தது. முதல் பயணத்துக்கான அறிவிப்பு, பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவளவுக்குக் கீழே இறங்கத் தேவையில்லை என்றும், அதனுள் கால்சட்டை அணியலாம் என்றும் எடுத்துரைத்தது. நகரத் தெருவில் தரையைத் தொடும் உடையில் நடந்த பெண்களுக்கு இது எளிய சலுகை அன்று. 1904ஆம் ஆண்டுப் பயணத்தில் கலந்துகொண்ட மேரியன் ராண்டால், பயணக்குழுவில் இருந்த எட்வர்ட் பார்சன்ஸை மணந்து, 1914இல் சங்கத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணானார். பயணமே அவரைச் சங்கத்தின் நடுவத்துக்குக் கொண்டுவந்தது எனலாம்.

கோல்பி எதிர்பார்த்தபடி மலைக்காகக் குரல் கொடுப்போர் உருவாயினர். ஆனால் அக்குரல் எப்போதும் வென்றுவிடவில்லை. யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணைகட்டிச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைச் சங்கம் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும், 1913 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அணைக்கு வழிவிட்டது. மறு ஆண்டு மியூர் இறந்தார். அதே 1914ஆம் ஆண்டுப் பயணத்தின்போது, மலைமுகடுகளை ஒட்டி ஒரு நெடும்பாதை அமைக்க மாநில அரசிடம் நிதி கேட்கலாம் என்ற யோசனை எழுந்தது. 1915இல் கலிபோர்னியா சட்டமன்றம் 10,000 டாலர் ஒதுக்கியதோடு தொடங்கிய அப்பணி 1938இல் நிறைவுபெற்றது. யோசெமிட்டியிலிருந்து 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் செல்லும் அந்த ஜான் மியூர் பாதையில்தான் இன்று மிகப் பலர் முதுகுப்பையோடு நடக்கின்றனர். பயணங்களில் பல கோடைகளைக் கழித்த ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று வாதாடியதும், 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவானதும் கோல்பியின் எண்ணம் பலித்ததற்குத் தெளிவான சான்றுகள்.

வழிநடத்துதலின் தன்மையை மாற்றிய முதல் நிகழ்வு 1931ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும், ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைகளில் பயின்றவருமான ராபர்ட் அண்டர்ஹில் அவ்வாண்டுப் பயணத்துக்கு அழைக்கப்பட்டு, ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றைப் பிடித்து அவரைக் காக்கும் முறையை இளம் உறுப்பினர்களுக்குக் கற்பித்தார். ஆகஸ்ட் 16 அன்று அவரும் நார்மன் கிளைடு, கிளென் டாசன், ஜூல்ஸ் ஐக்கார்ன் ஆகியோரும் விட்னி சிகரத்தின் கிழக்குமுகப் பாறையில் முதன்முறையாக ஏறினர். இச்சாதனையே பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால் அதன் விளைவாக எழுந்த பயிற்சிமுறையே அதனினும் முக்கியமானது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் சங்கத்தின் பாறையேறும் பிரிவு தொடங்கப்பட்டது. விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதை நகரையொட்டிய சிறு பாறைகளில் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பப் பழகினர். சாதாரண நடைபாதையை முதல் வகுப்பாகவும் கயிற்றுக் காப்பு வேண்டும் செங்குத்துப் பாறையை ஐந்தாம் வகுப்பாகவும் கொண்ட தரவரிசை 1937இல் நடைமுறைக்கு வந்தது. கழுதைகளையும் சமையலையும் கண்காணிப்பதோடு முடிந்திருந்த தலைமை, உடனிருப்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் திறமையாக இங்கே மாறத் தொடங்கியது.

இரண்டாவது மாற்றம் புல்வெளியிலிருந்து வந்தது. இக்கட்டுரையின் வாதம் பெரிதும் இதையே சார்ந்துள்ளது. சியராவின் உயர்மலைப் புல்வெளிகள் ஈரம் மிகுந்த மெல்லிய மண்ணின்மேல் வேர்ப்பின்னலால் தாங்கப்பட்டவை. பொதிகழுதைகள் கூட்டமாக மேயும்போது குளம்புகள் அப்பின்னலை அறுக்கின்றன. அறுந்த இடத்தில் பனியுருகிய நீர் ஓடிக் கால்வாயாக அரிக்கிறது. கால்வாய் ஆழமாக ஆழமாக நிலத்தடி நீர்மட்டம் இறங்கிப் புல்வெளி காய்கிறது. காய்ந்த நிலத்தில் பைன் கன்றுகள் முளைத்துப் புல்வெளியே காடாகிவிடுகிறது. தேசியப் பூங்காத் துறையின் உயிரியலாளர் லோவெல் சம்னரும் சங்கத்தின் ரிச்சர்ட் லெனார்டும் 1947இல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இச்சேதத்தை எடுத்துக்காட்டியதோடு, சங்கத்தின் சொந்தப் பயணங்களையும் கேள்விக்கு உள்ளாக்கியது. மலையைக் காக்கவென்று கூட்டிவரப்பட்ட கூட்டமே மலையைத் தேய்க்கிறது என்பதைத் தன் இதழிலேயே அச்சிட்ட நேர்மையைச் சங்கத்தின் வரலாற்றில் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்றாகக் கருத வேண்டும். 1951இல் சங்கத்தின் நோக்கங்களிலிருந்து ‘எளிதில் சென்றடையச் செய்தல்’ என்ற தொடர் நீக்கப்பட்டு, ‘பாதுகாத்தல்’ அதன் இடத்தைப் பிடித்தது.

பயணத்தின் வடிவமும் இதற்கேற்ப மாறியது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, ஓரிடத்தில் தங்கும் முகாம், சிறு கழுதைகளைப் பயணிகளே ஓட்டிச் செல்லும் பயணம், முதுகுப்பைப் பயணம் என வேறு வகைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. உயர்மலைப் பயணங்களைப் பல ஆண்டுகள் வழிநடத்திய டேவிட் புரோவர் 1951இல் தொகுத்து வெளியிட்ட கையேடு, குறைந்த எடையோடு மலையில் வாழும் கலையை விரிவாகக் கற்பித்தது. அடுத்த ஆண்டு டிக் கெல்டி என்பவர் தென்கலிபோர்னியாவில் அலுமினியச் சட்டம் பொருத்திய முதுகுப்பைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இடுப்புப் பட்டை சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியதால், மலைப்பழக்கம் குறைந்த நகரவாசியாலும் ஒரு வாரத்து உணவைச் சுமக்க முடிந்தது. பெருங்கூட்டமாகச் சென்ற உயர்மலைப் பயணம் படிப்படியாகச் சுருங்கி மறைந்தது. அதன் இடத்தில் தோன்றிய பணிப்பயணங்களில் தன்னார்வலர்கள் பழைய முகாம்களின் தகரங்களைப் பொறுக்கி அகற்றினர், பாதைகளைச் செப்பனிட்டனர். 1964ஆம் ஆண்டுக் காட்டுநிலச் சட்டத்துக்குப் பின் நுழைவு அனுமதிச்சீட்டும் குழுவின் அளவுக்கு உச்சவரம்பும் வந்தன. யோசெமிட்டியின் காட்டுநிலத்தில் பாதைவழி நடக்கும் குழுவில் 15 பேரும், பாதையை விட்டு விலகிச் செல்லும் குழுவில் 8 பேரும் மட்டுமே இருக்கலாம்.

சமையற்காரரும் பொதிக்காரரும் இல்லாத இந்தச் சிறு குழுவில்தான் தன்னார்வ வழிநடத்துநரின் பணி முழுமை பெற்றது. 1911இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தோன்றிய தென்கலிபோர்னியக் கிளை, பிற்காலத்தில் ஏஞ்சலஸ் கிளை என்ற பெயரில், இப்பணிக்கு நான்கு படிநிலைகளை வகுத்தது: பாதைவழி நடை, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு பாதையற்ற நிலத்தில் செல்லுதல், கைகளையும் ஊன்றி ஏறும் பாறை, கயிறு வேண்டும் செங்குத்துப் பாறை. தகுதி வேண்டுவோர் முதலுதவி கற்று, தேர்வெழுதி, தேர்ந்த ஒருவர் உடனிருந்து பார்க்க ஒரு பயணத்தை நடத்திக் காட்ட வேண்டும். பயணம் புறப்படும் இடத்தில் வழிநடத்துநர் ஒவ்வொருவரின் காலணியையும் தண்ணீரையும் மேலாடையையும் பார்த்து, போதாதவரைத் திருப்பி அனுப்பும் உரிமை பெற்றிருக்கிறார்; குழுவின் கடைசியில் நடக்கவென்று நம்பகமான ஒருவரை அமர்த்தி, அவரைத் தாண்டி எவரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்கிறார். முகம் தெரியாத ஒருவரைத் திருப்பி அனுப்பும் அந்தக் கணமே இப்பணியின் கடினமான பகுதி. ஊதியமில்லாத ஒருவர் அதைச் செய்வதற்குப் பயிற்சி தரும் துணிவு இன்றியமையாதது.

இப்பயணங்கள் எல்லாருக்கும் எட்டவில்லை: சங்கத்தில் உறுப்பினராக விரும்புவோரைப் பழைய உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் பலரை வெளியே நிறுத்தியிருந்தது. 1971இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கிளை தொடங்கிய உள்நகரப் பயணத் திட்டம், மலையைக் கண்டிராத நகரச் சிறுவர்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களோடு அழைத்துச் சென்று அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. பின்னர் அது பிற நகரங்களுக்கும் பரவியது.

விபத்துக்கான இழப்பீட்டு வழக்குகளும் காப்பீட்டுக் கட்டணமும் அமெரிக்காவெங்கும் பெருகிய 1980களில் தன்னார்வலரின் பொறுப்பு சட்டத்தின் கண்ணில் பட்டது. சங்கத்தின் மீது வழக்குத் தொடர்வதில்லை என்னும் படிவத்தில் கையெழுத்திடாமல் எவரும் நடையில் சேர முடியாத நிலை உருவாயிற்று. 1988இல், கயிறும் பனிக்கோடரியும் பயன்படுத்தும் பயணங்களுக்கான காப்பீட்டைச் சங்கம் கைவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாறையேற்றம் கற்பித்துவந்த பிரிவுகள் தம் பணியை நிறுத்த நேர்ந்தது, அனுபவம் மிக்க வழிநடத்துநர் பலர் சங்கத்துக்கு வெளியே சென்று ஏறினர். பின்னாளில் அவ்வகைப் பயணங்கள் ஓரளவு மீண்டன. ஆனால் ஒவ்வொன்றும் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்கப்பட்டு, தகுதி பெற்ற வழிநடத்துநரின் பெயரோடும் செல்லும் வழியின் விவரத்தோடும் ஒப்புதல் பெற்ற பின்னரே புறப்பட முடிந்தது.