பல கிளவுட்களில் இடையறாச் சேவை

ஒரு கணினிச் சேவையை ஒரே நிறுவனத்தின் தரவு மையத்தில் மட்டும் வைக்காமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளவுட் நிறுவனங்களில் இயக்கும் முறை. இரண்டிலும் ஒரே நேரத்தில் இயங்குவதும் உண்டு. ஒன்று விழுந்தபின் மற்றது பொறுப்பேற்பதும் உண்டு. இந்த மாற்றத்தைத் தொழிலில் இருப்போர் ‘ஃபெயில்ஓவர்’ என்பர்.

இம்முறையின் கவர்ச்சி ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் சேவை ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கும். அதே தரத்தில் இன்னொன்றை மாற்றாக வைத்தால், இரண்டும் சேர்ந்து நிற்கும் நேரம் ஆண்டுக்குச் சுமார் 32 விநாடிதான். ஆனால் இரண்டின் பழுதுகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த நிபந்தனை மீறப்பட்ட நிகழ்ச்சிகளின் வரலாறே.

கிளவுட் என்ற சொல் பரவுமுன்பே இச்சிக்கல் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் தெரிந்திருந்தது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஓர் இந்தியக் கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தது. இலங்கையின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெருமளவு முடங்கின. 2005 இறுதியில் இலங்கையைத் தொடும் மற்றொரு கேபிளான ‘சீ-மீ-வீ 4’ நிறைவுற்றது. 2006இல் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்து, சுமார் 320 கிலோமீட்டர் நீளத்தில் ‘பாரத் லங்கா’ கேபிளை இட்டன. முத்துக்குளித்த கரையிலிருந்து தீவுக்கு இன்னொரு வழி கிடைத்தது. வேறு நிறுவனம், வேறு கரை, வேறு கடற்பாதை என்ற மூன்றும் அதில் சேர்ந்திருந்ததுதான் அதன் மதிப்பு.

இந்தியாவுக்குள் பெரிய கிளவுட் நிறுவனங்களின் மையங்கள் வந்தது 2015 முதல் நடந்த கதை. மைக்ரோசாப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும், கூகுள் 2017இல் அதே மும்பையிலும் தொடங்கின. தில்லியில் கூகுள் மையம் திறக்கும் வரை, இவ்விரு நிறுவனங்களையும் நாட்டுக்குள்ளேயே நம்பியவர் உண்மையில் மும்பை என்ற ஒரே நகரத்தையே இருமுறை நம்பியிருந்தார். 2014இல் திறமூலமாக வெளியான குபர்நெட்டிஸ், டெர்ராஃபார்ம் ஆகிய கருவிகள் ஒரே நிரலை வெவ்வேறு நிறுவனங்களில் ஏற்றுவதை எளிதாக்கின. நிரலைப் பெயர்ப்பது எளிதானாலும் தரவைப் பெயர்ப்பது எளிதாகவில்லை. ஒளியிழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போய்வரவே பத்து மில்லிவிநாடி பிடிக்கும். ஒவ்வொரு பதிவும் தொலைவிலும் எழுதப்பட்டதா எனக் காத்திருந்தால் சேவை மந்தமாகும். காத்திராவிட்டால் விபத்தின்போது கடைசிப் பதிவுகள் தொலையும். இத்தேர்விலிருந்து எந்த வடிவமைப்பாளரும் தப்ப முடியாது.

இத்தேர்வின் விலையை நாடு 2021 பிப்ரவரி 24 அன்று பார்த்தது. தேசியப் பங்குச் சந்தை தன் முதன்மை மையத்துக்கும் அருகிலிருந்த துணை மையத்துக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளை வைத்திருந்தது. இரண்டும் அன்று தடுமாறின. பாதையில் நடந்த தோண்டும் பணிகளே முக்கியக் காரணம் என்று சந்தை பின்னர் தெரிவித்தது. தரவு இழப்பைத் தடுக்கத்தான் அந்த இணைப்புகள். அவை தடுமாறியபோது முதன்மை மையத்தின் சேமிப்பகமே எட்டாமல் போயிற்று. இடர்மேலாண்மை முறை நின்றது. காலை 11:40க்கு வணிகம் நிறுத்தப்பட்டு, மாலை 3:45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. சென்னையில் இருந்த பேரிடர் மீட்பு மையம் பயன்படுத்தப்படவில்லை. மும்பைப் பங்குச் சந்தை அன்று முழுக்க இயங்கியது. இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தும் பழுது ஒன்றாகவே வந்த இந்நிகழ்ச்சியை, இந்தியாவில் இத்துறையைக் கற்கும் எவரும் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்த மாதமே பங்குச் சந்தைகளின் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதிகளை இறுக்கியது. பழுது தொடங்கிய 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீட்பு மையத்திலிருந்து இயங்க வேண்டும். மீட்பு மையம் இயன்றவரை வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும். இவ்விதிகளில் அறிவிப்புக்குக் கெடு வைத்ததே ஆழமான மாற்றம். பழுது எப்போதும் ‘இதோ சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையோடுதான் தொடங்குகிறது. அந்த நம்பிக்கையில்தான் மணிக்கணக்கு கரைகிறது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, இரு சந்தைகளும் முதல் அமர்வை முதன்மை மையத்திலும் அடுத்ததை மீட்பு மையத்திலும் உண்மையான வணிகத்துடன் நடத்திப் பார்த்தன. மே 18 அன்று மீண்டும் நடத்தின. வெற்று ஒத்திகையில் வெளிப்படாத குறைகள் இத்தகைய நாளில் வெளிப்படும்.

பழுதுகள் ஒன்றையொன்று சாராதிருப்பதன் மதிப்பை உலக அனுபவமும் இருபுறமும் காட்டியது. 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பர் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனிக் கிளவுட் சந்தா, அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் வேறு மையத்தில் வைத்திருந்த பிரதியும் அதோடு போயிற்று. மற்றொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதிகள் இருந்தன; மீட்க அவை உதவின. 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் விழுந்தபோது கிளவுட்ஃபிளேர் என்ற வேறொரு நிறுவனத்தின் சில சேவைகளும் விழுந்தன. அவற்றின் சேமிப்பு உள்ளே கூகுளைச் சார்ந்திருந்தது. இரண்டையும் மாற்றாக வாங்கியிருந்தவருக்கு அன்றுவரை அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

பயனர் பக்கத்துப் பழுதை எந்தக் கிளவுட்டும் ஈடுசெய்யாது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்து ஆறுமுகநேரி வழியாகச் செல்லும் திருச்செந்தூர் ரயில் பாதை அரிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கினர். தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றன. ஆறுமுகநேரி போன்ற உப்பளக் கரை ஊருக்குச் சேவை தருவோர், தொடர்பற்ற நிலையிலும் வரவை எழுதிவைத்து, இணைப்பு திரும்பியதும் ஒத்துப்பார்க்கும் வசதியை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டியிருக்கிறது.

பங்குச் சந்தை விதிகளில் 2024 நவம்பரில் செபி இன்னும் ஒரு படி சென்றது. 2025 ஏப்ரல் 1 முதல் தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் ஒன்றுக்கொன்று மாற்று வணிகத் தளம். ஒன்று முடங்கினால் 75 நிமிடத்துக்குள் செபிக்கும் மற்ற சந்தைக்கும் தெரிவிக்க வேண்டும்; தகவல் கிடைத்த 15 நிமிடத்துக்குள் மற்றது ஏற்க வேண்டும். போட்டி நிறுவனங்கள் இரண்டை ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தும் இவ்விதி, இந்தியாவில் பல நிறுவன இடையறாச் சேவைக்குச் சட்ட வடிவம் தந்தது.