ஜப்பானிய மழலையர் பள்ளிகளில் பருவகாலக் கைவினையும் கற்றலும்

ஜப்பானில் மூன்று வயது நிறைந்தது முதல் தொடக்கப் பள்ளியில் சேரும் வரை குழந்தைகள் பயிலும் மழலையர் பள்ளி யோச்சியென் எனப்படும். ஆண்டின் பருவ மாற்றங்களையும் அவற்றையொட்டி வரும் விழாக்களையும் பின்பற்றி அங்குக் குழந்தைகள் தாள், களிமண், இலை, விதை முதலியவற்றால் பொருள்கள் செய்வதும், அவற்றோடு சேர்ந்து நிகழும் இயற்கை நோக்கல், பயிர் வளர்ப்பு, பாட்டு, கதை, விளையாட்டு ஆகியனவும் பருவகாலக் கைவினை என்னும் தலைப்பில் அடங்கும். ஹொய்குஎன் எனப்படும் குழந்தைக் காப்பகங்களும், இவ்விரண்டையும் இணைத்து 2006இல் உருவாக்கப்பட்ட கொதொமோஎன் நிலையங்களும் இதே மரபைக் கைக்கொள்கின்றன.

ஜப்பானியப் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், செர்ரி மரங்கள் பூக்கும் நாள்களில் பள்ளிக்குள் நுழையும் குழந்தை நான்கு பருவங்களையும் முழுதாகக் கடந்து அடுத்த வசந்தத்தில் மேல்வகுப்புக்குச் செல்கிறது. மூன்று, நான்கு, ஐந்து வயதினருக்கென மூன்று வகுப்புகள் இருப்பதால் ஒரே விழாவை ஒரே குழந்தை மூன்று முறை சந்திக்கிறது. மே மாத விழாவுக்காக முதலாண்டில் ஆசிரியை வெட்டித் தந்த தாள்மீனின் உடலில் வண்ணம் தோய்த்த விரலை ஒற்றிய அதே கை, மூன்றாமாண்டில் மீனைத் தானே வரைந்து வெட்டிக் கம்பத்தில் கட்டுகிறது. திரும்பத் திரும்ப வரும் நாள்காட்டியே இங்குப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாகவும், வளர்ச்சியை அளக்கும் கோலாகவும் அமைந்திருப்பது இம்முறையின் தனிச்சிறப்பாகும்.

தோற்றமும் மாற்றமும்

மழலையர் பள்ளி என்னும் அமைப்பு ஜெர்மனியில் பிறந்தது. ஃபிரீட்ரிக் ஃபிரோபெல் (1782–1852) பாட் பிளாங்கன்பர்க் நகரில் 1837இல் தொடங்கிய நிறுவனத்திற்கு 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டு, கம்பளிப் பந்து, மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை முதலிய, கொடைப்பொருள்கள் எனப்படும் கல்விப் பொருள்களையும், தாள் மடித்தல், தாள் பின்னுதல், அட்டையில் ஊசியால் குத்தி உருவமைத்தல், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகிச் சட்டங்கள் செய்தல் முதலிய கைவேலைகளையும் வகுத்தார். டோக்கியோ மகளிர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்து 1876 நவம்பரில் திறக்கப்பட்ட மழலையர் பள்ளி இம்முறையை ஏறத்தாழ அப்படியே ஏற்றது. செகி ஷின்சோ அதன் கண்காணிப்பாளராகவும், ஜெர்மனியில் பிறந்து ஜப்பானியரை மணந்த கிளாரா மட்சுனோ தலைமை ஆசிரியையாகவும், தொயொதா ஃபுயு ஆசிரியையாகவும் பணியாற்றினர். இன்று அது ஒச்சனோமிசு பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது.

தொடக்க காலத்தில் கொடைப்பொருள்கள் குறித்த வரிசையில், குறித்த நேரத்தில், ஆசிரியையின் சொற்படியே கையாளப்பட்டன. கட்டமிட்ட மேசைகளின் முன் வரிசையாக அமர்ந்த குழந்தைகளுக்குச் சன்னலுக்கு வெளியே நிகழும் பருவ மாற்றம் பாடத்தின் பகுதியாக இருக்கவில்லை. ஆயினும் தாள் மடிப்புக் கலையான ஒரிகாமி ஜப்பானில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. தாளில் கொக்குகளை மடிக்கும் முறைகளை விளக்கும் நூல் 1797இலேயே அச்சாகியிருந்தது. ஃபிரோபெலின் வடிவியல் மடிப்புகளும் உள்நாட்டு மரபின் பறவை, படகு, தலைக்கவச மடிப்புகளும் மழலையர் வகுப்பில் ஒன்று கலந்தன. இன்றைய வகுப்புகளில் மடிக்கப்படும் தாள் இவ்விரு மரபுகளுக்கும் கடன்பட்டது.

1899ஆம் ஆண்டு விதிமுறை விளையாட்டு, பாட்டு, உரையாடல், கைவேலை என்னும் நான்கையே பாடங்களாகக் கொண்டது. 1926இல் வெளியான மழலையர் பள்ளி ஆணை இவற்றோடு நோக்கல் என்பதைச் சேர்த்ததே பருவகாலக் கைவினையின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பமாகக் கருதத்தக்கது. பூ, பூச்சி, மழை, பனி ஆகியவற்றைப் பார்ப்பது அதன்பின் அலுவல்முறைக் கல்வியாயிற்று. அடுத்த ஆண்டே, 1927இல், ஃபிரோபெல்-கான் பதிப்பகம் தொடங்கிய கிண்டர்புக் என்னும் மாதப் படநூல் இந்த நோக்கலுக்குத் துணைநின்றது. சித்திரக் கல்வியில் இதற்குச் சற்று முன்னரே மாற்றம் தொடங்கியிருந்தது. ஓவியர் யமமொதோ கனாஎ, மாதிரிப் படங்களைப் பார்த்து வரையவைக்கும் முறையை எதிர்த்து, 1919இல் நாகானோ மாநிலத்தில் குழந்தைகளின் தன்னியல்பான ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். க்ரேபாஸ் என்னும் எண்ணெய் வண்ணக்கட்டி 1925இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. அழுத்தமான நிறத்தை எளிதில் தரும் இப்பொருள் இன்றும் மழலையர் பையில் தவறாமல் இடம்பெறுகிறது.

இம்மாற்றங்களின் நடுநாயகமாக விளங்கியவர் குராஹாஷி சோசோ (1882–1955). 1917இல் மேற்கூறிய டோக்கியோ மழலையர் பள்ளியின் பொறுப்பேற்ற அவர், பெட்டிகளில் வரிசை கலையாமல் வைக்கப்பட்டிருந்த கொடைப்பொருள்களை ஒரே மூங்கில் கூடையில் கலந்து போட்டு, குழந்தைகள் விரும்பியபடி கட்டி விளையாடும் கட்டைகளாக ஆக்கினார். குழந்தையின் அன்றாட வாழ்விலிருந்தே செயல் எழ வேண்டும் என்பதும், ஆசிரியர் அதைப் பறித்துக்கொள்ளாமல் வழிநடத்த வேண்டும் என்பதும் 1934இல் வெளியான அவருடைய நூலின் மையக் கருத்து. போருக்குப்பின் 1948இல் வெளியான ஹொய்கு யோரியோ என்னும் வழிகாட்டி பன்னிரண்டு செயல்பாடுகளை வகுத்தபோது, ஓவியம், ஆக்கம், இயற்கை நோக்கல் ஆகியவற்றோடு ஆண்டு விழாக்களையும் தனித் தலைப்பாக ஏற்றது. 1956இன் பாடத்திட்டம் ஆறு துறைகளையும், 1989இன் திருத்தம் உடல்நலம், மனித உறவு, சூழல், மொழி, வெளிப்பாடு என்னும் ஐந்து துறைகளையும் கொண்டன. அத்திருத்தத்தோடு கைவினை தனித் துறையாக நில்லாமல் வெளிப்பாட்டினுள் அடங்கியது. ஆயினும் சூழல் என்னும் துறையும் அதில் சரிபாதி உரிமை கொண்டாடுகிறது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

ஆண்டுச் சுழற்சி

எடோ காலத்தில் அரசு விழாக்களாக விளங்கிய ஐந்து பருவ நாள்கள் 1873இல் கிரிகோரியன் நாள்காட்டி நடைமுறைக்கு வந்தபோது அலுவல்முறைத் தகுதியை இழந்தன. எனினும் மக்களிடையே நிலைத்த அவற்றுள் மார்ச் 3, மே 5, ஜூலை 7 ஆகிய மூன்றும் மழலையர் பள்ளியின் கைவினை ஆண்டைத் தாங்குகின்றன.

மே 5 குழந்தைகள் நாளாக 1948இல் தேசிய விடுமுறையாக்கப்பட்டது. கொயினொபோரி எனப்படும் கெண்டைமீன் வடிவக் காற்றுக்கொடிகளை இதற்காக ஏப்ரல் இறுதியில் குழந்தைகள் செய்கின்றனர். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமையின் குறியான இம்மீனின் செதில்களாக மூன்று வயதினர் உள்ளங்கைப் பதிவுகளை ஒற்றுகின்றனர். ஐந்து வயதினர் துணியையோ பெரிய தாளையோ சுருட்டி, வாய்ப்பகுதியில் வளையம் வைத்து, காற்று உட்புகுந்து மீன் நிமிர்ந்து பறக்கிறதா என்று முற்றத்தில் சோதித்துப் பார்க்கின்றனர். வாய் குறுகினால் மீன் தொங்கிவிடுவதைக் கண்டு மீண்டும் வெட்டும் அக்கணத்தில் கைவினை இயற்பியலாகிறது. செய்தித்தாளை மடித்துச் செய்யும் தலைக்கவசமும் இந்நாளுக்குரியது.

ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடு வரை நீடிக்கும் ட்சுயு என்னும் மழைப்பருவத்தில் குழந்தைகள் வெளியே ஓடியாடும் நேரம் குறைவதால் நீரும் நிறமும் சார்ந்த கைவினைகள் பெருகுகின்றன. காப்பி வடிதாளில் நீர்மை எழுதுகோலால் புள்ளியிட்டு, நீர் தெளித்து, நிறம் கசிந்து பரவுவதைப் பார்த்தபின் அதையே அஜிசாய் என்னும் மழைக்காலக் கொத்துப்பூவாக ஒட்டுகின்றனர். மெழுகு வண்ணத்தால் கோடிட்டு மேலே நீர்வண்ணம் பூச, கோடுகள் நீரை விலக்கி மழைத்தாரையாய்த் தெரியும். வெண்துணியால் தலை கட்டிய தெருதெரு-போசு பொம்மை வெயிலை வேண்டிச் சன்னலில் தொங்குகிறது. ஜூலை 7இல் வரும் தனபாதா, பால்வழியின் இருகரைகளில் பிரிந்திருக்கும் நெசவுப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும், அதாவது வேகா, அல்டேர் ஆகிய விண்மீன்கள், ஆண்டுக்கொருமுறை சந்திப்பதாகக் கருதப்படும் நாள். வேண்டுதல் எழுதிய வண்ணத் தாள்நறுக்குகளும், வளையம் வளையமாய்க் கோத்த தாள்சங்கிலிகளும் மூங்கில் கிளையில் கட்டப்படுகின்றன. எழுதத் தெரியாத குழந்தை சொல்ல ஆசிரியை எழுதித் தருகிறார். பழைய சந்திர நாள்காட்டியில் தெளிந்த வானத்தில் வந்த இவ்விழா, புதிய நாள்காட்டியில் மழைப்பருவத்துக்குள் விழுந்துவிட்டதால் விண்மீன்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. செண்டாய் நகரம் இதை ஆகஸ்டில் கொண்டாடுவதற்கும் பழைய பருவத்தைத் தக்கவைக்கும் நோக்கமே காரணம்.

மே மாதத்தில் விதைத்த அசகாவோ கோடையில் பூக்கிறது; காலையில் மலர்ந்து பகலுக்குள் வாடிவிடும் இக்கொடிப்பூக்களைக் குழந்தைகள் நெகிழிப் பையிலிட்டு நீரோடு கசக்கி நிறநீர் எடுக்கின்றனர். அதில் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் நிறம் சிவப்பாகவும், ஆப்ப சோடா சேர்ந்தால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். இதழிலுள்ள ஆந்தோசயனின் நிறமி, அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். இதன் விளக்கம் மழலையர் வகுப்பில் சொல்லப்படுவதில்லை. எந்த நீரைக் கலந்தால் எந்த நிறம் வரும் என்று ஊகித்துச் செய்து பார்ப்பதே போதுமெனக் கொள்ளப்படுகிறது, அது சரியான முடிவும் ஆகும்.

இலையுதிர்காலமே கைவினைக்கு மிக வளமான பருவம். டொங்குரி எனப்படும் கருவாலிக் கொட்டைகளைப் பூங்காக்களில் பொறுக்கி வந்து நீளம், பருமன், தொப்பியின் வடிவம் ஆகியவற்றால் பிரித்து எண்ணுவதிலேயே எண்ணறிவும் வகைப்படுத்தலும் கைவருகின்றன. கொட்டையின் தலையில் குச்சி செருகினால் பம்பரம். நெகிழிப் புட்டியில் இட்டுக் குலுக்கினால் இசைக்கருவி. கொட்டைகளுக்குள் கூன்வண்டின் புழுக்கள் இருக்குமாதலால் முன்கூட்டியே கொதிக்கவைப்பதோ உறையவைப்பதோ வழக்கம். சில ஆசிரியர்கள் வேண்டுமென்றே சிலவற்றை அப்படியே விட்டு, துளையிட்டு வெளிவரும் புழுவைக் குழந்தைகள் பார்க்கச் செய்கின்றனர். கோடையின் தொடக்கத்தில் நட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு அக்டோபரில் தோண்டப்படுகிறது. மண்ணிலிருந்து இழுத்த கிழங்கின் எடையைக் கையில் உணர்ந்தபின் வரையும் படம் தாளின் விளிம்பை மீறிப் பெரிதாகும். உரித்த கொடிகளை வளையமாக முறுக்கி உலர்த்தி, டிசம்பரில் கொட்டைகளும் பைன் காய்களும் ஒட்டி அலங்கார வளையமாக்குகின்றனர். ஒரு செடியின் வாழ்வு இவ்வாறு ஆறேழு மாதக் கைவினையாக நீள்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பதரிது.

புத்தாண்டையொட்டிக் காற்றாடியும், கண்களைக் கட்டிக்கொண்டு முகத்தில் கண், மூக்கு, வாயைப் பொருத்தும் புகுவராய் விளையாட்டும் செய்யப்படுகின்றன. பிப்ரவரி 3ஐ ஒட்டி வரும் செட்சுபுன், பழைய நாள்காட்டியின்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாள். வறுத்த சோயா அவரையை வீசி ஒனி என்னும் அரக்கனை விரட்டுவது வழக்கம். தாள்பைகளாலும் அட்டைகளாலும் அரக்க முகமூடி செய்யும் குழந்தைகளிடம், தம்முள் விரட்டவேண்டிய அரக்கன் எது என்று ஆசிரியர் கேட்பதுண்டு. அழுமூஞ்சி அரக்கன், சோம்பல் அரக்கன், காய்கறி வேண்டாமென்னும் அரக்கன் என விடைகள் வரும். ஹொக்கைடோவிலும் வடகிழக்குப் பகுதியிலும் ஓட்டோடு கூடிய வேர்க்கடலையை வீசுவர். ஐந்தும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குழந்தைகளுக்குக் கடினமான பருப்புகளைத் தரவேண்டாம் என்று ஜப்பானிய நுகர்வோர் நல அமைப்பு 2021இல் எச்சரித்துள்ளது. எனவே அவரைக்குப் பதிலாகச் செய்தித்தாளை உருட்டிச் செய்த உருண்டைகளைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. மார்ச் 3இல் வரும் பெண் குழந்தைகளுக்கான விழாவின் ஹினா பொம்மைகள் தாள்குவளை, முட்டை அட்டை, தாள்கூழ் ஆகியவற்றால் உருவாகின்றன. பேரரசன், பேரரசி இணையாக இரண்டு மட்டும் செய்வதே மழலையர் வழக்கம்.

நிலப்பரப்பு வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால் இந்நாள்காட்டி எங்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. ஒகினாவாவில் ஜனவரியிலேயே மலரும் செர்ரி, ஹொக்கைடோவில் மே வரை காத்திருக்கும். பள்ளி தன் வாசலில் உள்ள பருவத்தைப் பின்பற்றும்போது மட்டுமே கைவினை உயிர்பெறுகிறது.

கைத்திறனின் படிநிலை

ஒவ்வொரு கைவினையும் ஒரு கருவித் திறனை உள்ளடக்கியது. கத்தரிக்கோலில் முதலில் ஒரே வெட்டில் துண்டாகும் குறுகிய தாள்பட்டை தரப்படும். அதன்பின் நேர்கோட்டில் தொடர் வெட்டும், இறுதியில் தாளைத் திருப்பிப் பிடித்து வளைவாக வெட்டுவதும் பழக்கப்படும். பசைக்குச் சிறுகலத்தில் மாவுப் பசை அளிக்கப்பட்டு, ஒரு விரல்நுனியால் சிறிதளவே எடுத்து மெல்லப் பரப்பக் கற்பிக்கப்படுகிறது. தூரிகை தராமல் விரலையே பயன்படுத்தச் செய்வது, அளவையும் பிசுபிசுப்பையும் தோல் அறியவேண்டும் என்பதற்காகவே. தாள் மடிப்பில் மூலையோடு மூலை சேர்த்து ஒரு முக்கோணம் மடிப்பது மூன்று வயதுக்குரியது. கொக்கு ஐந்து வயதுக் குழந்தைக்கும் கடினமானதே.

விமர்சனங்கள்

விழா நெருங்க நெருங்க, அனைவரும் ஒரேபோன்ற பொருளைச் செய்து முடிக்கவேண்டும் என்னும் நெருக்கடி எழுகிறது. ஆசிரியை முன்னரே வெட்டிவைத்த துண்டுகளைக் குறித்த இடத்தில் ஒட்டுவதோடு குழந்தையின் பங்கு முடிந்துவிட்டால், சுவரில் முப்பது அரக்கர்கள் ஒரே முகத்தோடு நிற்பர். குராஹாஷி கலைத்த பழைய வரிசையே வேறு வடிவில் திரும்பி வந்ததாகும் அது. பெற்றோர் பார்வைக்கெனச் சுவர் அலங்காரத்தில் ஆசிரியர்கள் செலவிடும் நேரமும் விவாதத்துக்குரியது. கருவாலிக் கொட்டை, பொத்தான், தாள்துண்டு, நூல், இலை முதலியவற்றை எட்டும் உயரத்தில் அடுக்கிவைத்து, எதைச் செய்வது, எப்போது முடிப்பது என்பதைக் குழந்தையிடமே விடும் பள்ளிகளில் பணி கூடுதலாயினும் விளைவு வளமானது. அரசின் பாடத்திட்டமும் 1989 முதல் சூழலின்வழிக் கல்வியை வலியுறுத்துவதால் இப்போக்குக்கே துணைநிற்கிறது.

ஆண்டு முழுவதும் செய்த தட்டையான கைவினைகள் மாதவாரியாகத் தொகுக்கப்பட்டு, உறையில் குழந்தை வரைந்த படத்தோடு மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் ஆசிரியர் பதிவேட்டில் குறித்துவைப்பதும், இறுதி வகுப்பை முடிப்போரின் பதிவு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பப்படுவதும் நடைமுறையாகும். 2017இல் திருத்தப்பட்ட பாடத்திட்டம் அப்பதிவுக்கு வழிகாட்டியாக, இயற்கையோடு உறவும் எண், வடிவம் ஆகியவற்றில் ஆர்வமும் உள்ளிட்ட பத்துப் பண்புகளை வகுத்துள்ளது.