கடன் முந்தி, கூலி பிந்தி

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், நகரத்துப் பொது மயானம் இருக்கும் பக்கம் மஹய்யாவ. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ள, மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் கண்டிக்குள் நுழைந்த வடக்குத் திசை இது. மாத்தளை ரயில் பாதை திறந்தது 1880 இல்தான். அதற்கு முன்பே, 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கண்டிக்கு மாநகர சபை அமைந்துவிட்டது. நகரத்தின் தெருக்களைக் கூட்டவும் மலசலகூடங்களைச் சுத்தம் செய்யவும் ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் மஹய்யாவ லயன்களில் குடியேறின. அப்பா பார்த்த வேலை மகனுக்கு வந்தது. ஒற்றை அறை வீட்டோடு சேர்ந்தே வந்தது.

இந்த மக்களின் பிள்ளைகள் இன்று பட்டப்படிப்புக்குக் கடன் வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் காலம். ஊடகம், தொடர்பாடல் என்று கேட்கவே கவர்ச்சியான பட்டங்கள் விளம்பரங்களில் வரிசைகட்டி நிற்கின்றன. மலையகத் தமிழருக்குக் கடனோடு உள்ள உறவு பழையது. அதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

தோட்டத்துக்கு ஆள் கிளம்பும்போதே பேரேடு தொடங்கிவிடும். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி, ஊரில் அடைக்க வேண்டிய பாக்கி எல்லாமே ஆள் திரட்டிய கங்காணி தந்த முற்பணம்தான். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் பெயர் விழும் முன்பே அது தலையில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். அதனால் கடன் தீர்ந்ததாக ஆகாது, புதிய இடத்துக் கணக்கில் ஏறி உட்காரும். தொகையைக் கூட்டி எழுதி மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்ட கங்காணிகளும் உண்டு. 1921 இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மஹய்யாவக்காரர்கள் மாநகர சபைத் தொழிலாளர்கள், தோட்டத்துத் துரைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. ஆனால் கூலி எவ்வளவு என்று சரியாகத் தெரியும் முன்பே கடன் எவ்வளவு என்று எழுதிவைக்கும் வழக்கம் அவர்களைச் சுற்றியிருந்த உலகத்தின் வழக்கம்.

1945 இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை அரசே செலவை ஏற்றது. 1952 இல் பேராதனைக்குப் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தபோது, கண்டிப் பிள்ளைகளுக்கு அது பஸ் ஏறிப் போகும் தூரம். தோட்டப் பாடசாலைகளோ இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிர்வாகத்தின் கையில் கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். இடையில் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. படித்தாலும் அரசாங்க உத்தியோகம் கிடைக்காது என்றால், படிப்பின் பெறுமதி என்ன? பின்னர் 1981 இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த மகாபொல நிதியம் பல்கலைக்கழக மாணவருக்கு மாதாந்த உதவி தந்தது. அது கடன் அல்ல, கொடை. இந்த வேறுபாடு முக்கியம்.

சரி, பத்திரிகைத் தொழிலுக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள்? தஞ்சாவூரில் வணிகப் பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் புகுந்து பார்த்து எழுதியவர். இருபதுகளில் ‘தேசபக்தன்’ நடத்தினார், சட்டசபைக்கும் போனார். கண்டியை அடுத்த தலாத்துஓயாவின் கே. கணேஷ் 1946 இல் கே. ராமநாதனுடன் ‘பாரதி’ இதழைக் கொண்டுவந்தார், ‘வீரகேசரி’யிலும் வேலை பார்த்தார். இவர்களில் யாரும் தொடர்பாடல் பட்டம் வாங்கி வந்தவர் அல்லர். ஆசிரிய பீடத்தின் மேசையே அன்று வகுப்பறை. படிப்புச் செலவு இல்லை. உண்மையைச் சொன்னால், வருமானமும் பெரிதாக இல்லை.

பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்புகள் பிறகுதான் வந்தன. களனியில் வெகுசனத் தொடர்பாடல், யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் என்று கட்டணமில்லாத இடங்கள் இன்றும் இருக்கின்றன. 2004 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி தமிழ் மொழியிலும் டிப்ளோமா நடத்தியது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்காக 2017 இல் வட்டியில்லாக் கடன் திட்டம் வந்தது. தனியார் நிறுவனப் பட்டத்துக்கு அப்போது 8 இலட்சம் ரூபாய் வரை கடன் கிடைத்தது. வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும்.

வட்டி இல்லை என்பது பெரிய சலுகைதான். ஆனால் முதலைக் கட்டத்தானே வேண்டும்? 2020 இல் அரசு வேலையில்லாப் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது கொடுத்த மாதாந்தக் கொடுப்பனவு 20,000 ரூபாய். 8 இலட்சத்தை ஏழு வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதம் ஏறத்தாழ 9,500. கையில் வருவதில் பாதி அங்கேயே போய்விடும். பத்திரிகைத் தொழிலில் நிலைமை இன்னும் மோசம். பிரதேச நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, வெளியாகும் செய்திக்குத்தான் பணம். செய்தி வராத மாதத்திலும் தவணை வரும்.

மஹய்யாவப் பிள்ளைக்கு இன்னொரு கழிவும் உண்டு. கண்டியின் துப்புரவுத் தொழிலாளர் பற்றி காலிங்க டியூடர் சில்வாவும் சக ஆய்வாளர்களும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குடியிருப்புகளின் மீது படிந்த சாதி இழிவை விரிவாகப் பேசுகிறது. விண்ணப்பத்தில் விலாசத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் முதலாளிக்கு முன்னால் எந்தப் பட்டமும் முழு விலைக்குப் போகாது. சராசரிச் சம்பளத்தைக் காட்டும் விளம்பரத்தில் இந்தக் கழிவு இருக்காது.

ஆகவே, களனியோ யாழ்ப்பாணமோ இடம் தந்தால் தயங்காமல் போகலாம். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் இதே பட்டத்தோடு வெளியேறியவர்களில் எத்தனை பேர், எங்கே, என்ன சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுக்கிற இடத்தில் கடனுக்குப் படிக்க வேண்டாம்.