கொல்கத்தாக் கால்பந்து அரங்கில் குழுப்பற்றும் வன்முறையும்

முன்னுரை

விளையாட்டு ஆதரவாளரிடையே எழும் வன்முறையைக் கட்டுக்கடங்காத கூட்டத்தின் வெறியாட்டம் என்று கூறி முடித்துவிடும் வழக்கம் உண்டு. அவ்வுணர்ச்சி எங்கிருந்து பிறந்தது என்னும் வினா இதனால் எழாமலே போகிறது. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் கொல்கத்தா ஈடன் கார்டன் அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதிய லீக் ஆட்டத்தின்போது பார்வையாளர் 16 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்வின் பின்னணியில் இருந்த குழுப்பற்று எவ்வாறு உருவாயிற்று, அது மக்களுக்கு எதனைத் தந்தது, எந்நிலையில் உயிர்ப்பலி கொள்வதாக மாறியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாறிவந்த எதிரணி

மோகன் பகான் கழகம் 1889இல் வட கொல்கத்தாவில் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை அது 2–1 என்னும் கோல் கணக்கில் வென்றது. ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடிப் பெற்ற வெற்றி அது. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் வெம்மை தணியாத அக்காலத்தில், ஆடுகளத்தின் எதிர்ப்புறம் நின்றவர் ஆங்கிலேயர் ஆவர்.

1934 முதல் 1938 வரை முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. முஸ்லிம் மக்களின் பெருமிதமாக அவ்வெற்றி விளங்கிற்று. சமயவழி அரசியல் கூர்மையடைந்த அக்காலத்தில் கால்பந்து அரங்கிலும் சமய எல்லை தெளிவாகத் தென்படலாயிற்று. 1947க்குப் பின்னர் அந்த இடத்தைப் பூர்வீகம் பற்றிய எல்லை பிடித்துக்கொண்டது. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் ‘நாம்’, ‘பிறர்’ என்னும் பாகுபாடு இருமுறை இடம் மாறியுள்ளது. ஆதரவாளர் குழுக்களைத் தொன்றுதொட்டு வரும் இனக்குழுக்களின் எச்சம் எனக் கொள்வார் கருத்து இங்குப் பொருந்தவில்லை. அவ்வக்கால அரசியல் ஏற்படுத்திய காயமே அவ்வக்காலக் குழுவை வடிவமைத்துள்ளது எனலாம்.

பெயரில் வாழ்ந்த நிலம்

ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920இல் தொடங்கப்பட்டது. ஜோராபகான் அணியில் கிழக்கு வங்க ஆட்டக்காரர் ஒருவர் புறக்கணிக்கப்பட்டதை எதிர்த்து வெளியேறிய சுரேஷ் சந்திர சௌத்ரி அதன் நிறுவனர்களுள் ஒருவர். பிழைப்புக்காகவும் கல்விக்காகவும் கொல்கத்தா வந்திருந்த கிழக்கு வங்கத்தார் ‘பாங்கால்’ என்று எள்ளப்பட்டனர். மேற்கு வங்கத்துப் பூர்வ குடியினர் ‘கொட்டி’ எனப்பட்டனர். உச்சரிப்பு, உணவு, பழக்கவழக்கம் ஆகியவற்றின் வேறுபாடுகளே இவ்வெள்ளலுக்குப் பொருளாயின.

நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர் நிலைமை மாறியது. வீடும் நிலமும் இழந்து இலட்சக்கணக்கில் வந்த அகதிகள் ஜாதவ்பூர், பிஜய்கர் முதலிய பகுதிகளில் குடியேற்றங்களை அமைத்தனர். அவர்கள் விட்டுவந்த மாகாணத்தின் ‘கிழக்கு வங்கம்’ என்னும் பெயரும் 1955இல் ‘கிழக்குப் பாகிஸ்தான்’ என மாற்றப்பட்டது. அரசு ஆவணங்களிலிருந்து மறைந்த அப்பெயர் கொல்கத்தா லீக் பட்டியலில் நிலைத்திருந்தது. ஊரின் பெயரைச் சொல்லிக்கொள்ள வேறிடம் இல்லாதவர்க்கு அக்கழகம் அவ்வுரிமையை அளித்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும் மோகன் பகான் வென்றால் இறாலும் வாங்கும் வழக்கம், இப்பற்று ஆடுகளத்தைக் கடந்து அடுக்களை வரை சென்றதைக் காட்டுகிறது.

குருதியும் பற்றும்

இப்பற்று பிறப்பினால் அமைந்ததா என்பது ஆராய்தற்குரியது. 1949ஆம் ஆண்டு லீக் பட்டம், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. அக்காலத்து முன்கள வீரர்களான வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகியோரை ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ எனப் போற்றினர். ஐவரும் தென்னிந்தியர். மறுபுறம், 1911இல் வென்ற மோகன் பகான் அணியின் தலைவர் சிவதாஸ் பாதுரி உள்ளிட்ட பலர் கிழக்கு வங்கத்தில் வேர் கொண்டவர்கள். அக்கழகத்தின் புகழ்பெற்ற தற்காப்பு வீரர் கோஷ்ட பாலும், பிற்காலத்தில் இந்திய அணியை வழிநடத்திய சுனி கோஸ்வாமியும் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர்களே.

ஆடியவரின் பூர்வீகம் இருதரப்பு ஆதரவாளர்க்கும் தடையாக அமையவில்லை. பார்வையாளர் தம் வரலாற்றை அணியின் வண்ணத்தின்மீது ஏற்றினர். அவ்வண்ணத்தை அணிந்தவர் எவராயினும் தம்மவராயினர். அயலவரைத் தம்மவராக ஏற்கும் இவ்விரிவு குழுப்பற்றின் ஒரு முகம். அண்டை வீட்டாரையே அயலவராக்கும் குறுக்கம் அதன் மற்றொரு முகம்.

1980: எல்லை தகர்ந்த நாள்

நோர்பர்ட் எலியாஸ், எரிக் டன்னிங் ஆகிய சமூகவியலார் 1986இல் வெளியிட்ட நூலில், விளையாட்டை விதிகளுக்கு உட்பட்டு நிகழும் போலிப் போராக விளக்கினர். உயிருக்கு ஊறின்றிப் போரின் கிளர்ச்சியை நுகரச் செய்வது அதன் பயன். இதற்கு ஆடுகளத்தில் விதியும் பார்வையாளர் பகுதியில் பாதுகாப்பும் இன்றியமையாதன. 1970களில் கொல்கத்தாவில் இப்போட்டி உச்சநிலையை எட்டியது. 1975ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் 0–5 எனத் தோற்றபோது ஆதரவாளர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பற்றின் மிகுதி வெளிப்படையாகத் தெரிந்திருந்தும் அதற்கேற்ற ஏற்பாடுகள் செய்யப்படவில்லை.

1980ஆம் ஆண்டு ஆட்டத்தில் இருதரப்பு ஆதரவாளரும் ஒரே பகுதியில் கலந்திருந்தனர். களத்தில் மோதிக்கொண்ட இரு அணி வீரர்களும் வெளியேற்றப்பட்டதை அடுத்துப் பார்வையாளரிடையே கைகலப்பு மூண்டது. தப்பியோட முயன்றோர் நெரிசலில் சிக்கினர். பகையுணர்வு கைகலப்பைத் தூண்டியது. கைகலப்பைப் பேரிழப்பாக்கியது அரங்க நிருவாகத்தின் ஆயத்தமின்மை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாமல் பழி முழுவதையும் ஆதரவாளர்மீது சுமத்துவது வரலாற்று நோக்கில் பிழையாகும்.

முடிவுரை

ஆகஸ்டு 16 இன்று கால்பந்து ஆர்வலர் நாளாகக் குருதிக்கொடையுடன் நினைவுகூரப்படுகிறது. 2024 ஆகஸ்டு 18 அன்று நடைபெறவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கோரி, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஆதரவாளர்கள் அன்று சால்ட் லேக் அரங்கின் அருகே ஒன்றாகத் திரண்டனர். காவல்துறையின் தடியடிக்கும் ஒன்றாகவே ஆளாயினர். தத்தம் கழக வண்ணத்தை எவரும் களையவில்லை.

கொல்கத்தாவின் வரலாறு உணர்த்துவது இதுவே: சார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்னும் மனிதத் தேவையே குழுப்பற்றின் ஊற்று. இழந்த ஊருக்கு ஈடாக அமைந்த அப்பற்றை வன்முறையின் பெயரால் இழிப்பது அகதியின் இழப்பையும் சேர்த்தே மறுப்பதாகும். அதே வேளையில், அதனைப் போற்றும் ஆர்வத்தில் 16 உயிர்களை மறப்பதும் தகாது. பற்றுக்கு இடமும், அவ்விடத்திற்குக் காவலும் அளிப்பது கழகங்களுக்கும் அரசுக்கும் உரிய கடமையாகும்.