தாது வருடப் பஞ்சமும் செங்கல்பட்டுக் கிராமங்களின் சமூக ஒழுங்கும்

தாது வருடப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத் ஆகிய பகுதிகளை வாட்டிய பெரும் பஞ்சமாகும். 1876 ஏப்ரலில் பிறந்த தாது ஆண்டில் தொடங்கியதால் இப்பெயர் வழங்குகிறது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்தனர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு.

அரசு இல்லாத நிலையில் மனிதர் ஒருவரோடு ஒருவர் ஓயாது பகைத்து வாழ்வர் என்று ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வெளியான 'லெவியதான்' நூலில் வாதிட்டார். தாது வருடத்தில் அரசு மறைந்துவிடவில்லை. காவல்துறை, நீதிமன்றம், இரயில், தந்தி யாவும் இயங்கின. ஆயினும் மக்கள் கொள்ளையிட்டனர், குடும்பங்களைக் கைவிட்டனர். எனவே சமூக ஒழுங்கு எதைச் சார்ந்து நின்றது, எந்த வரிசையில் சிதைந்தது என்பதை அறிய இப்பஞ்சம் உதவுகிறது.

ஏரியும் களமும்

செங்கல்பட்டு வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பிய நிலம். பொத்தேரி போன்ற ஊர்ப்பெயர்களிலேயே ஏரி இடம்பெற்றுள்ளது. இங்குள்ள ஏரிகள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புபவை.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரில் நடத்திய கணக்கெடுப்பு, இக்கிராமங்களின் உள்ளமைப்பைக் காட்டுகிறது. நெல் களத்திற்கு வந்ததும், குடியானவர் தம் பங்கைக் கொண்டுபோகும் முன்பே கோயில், காவல்காரர், கணக்கர், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் முதலியோருக்குப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. இப்பங்கு முறை சமத்துவமானதன்று. நிலமற்ற பண்ணையாட்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிது. இருப்பினும் ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் மற்றவரோடு பிணைத்தது அந்தக் களத்து நெல்தான்.

19ஆம் நூற்றாண்டில் இப்பிணைப்பு தளர்ந்தது. நிலவரி பணமாகத் தண்டப்பட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணக் காவல்துறை உருவானபின் ஊர்க்காவலின் பழைய இடமும் சுருங்கியது.

மழை பொய்த்தல்

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன, களத்தில் நெல் இல்லை, பங்கும் இல்லை. முதலில் பாதிக்கப்பட்டோர் பண்ணையாட்களும் கைவினைஞரும் நெசவாளரும் ஆவர். நிலமுடையோர் விளைச்சல் இழந்தபோது கூலியாட்களை நிறுத்தினர். தானிய வணிகர் தந்தி மூலம் வெளியூர் விலைகளை அறிந்து, இரயிலில் தானியத்தை விலை மிகுந்த இடங்களுக்கு அனுப்பினர். சில வாரங்களில் விலை கூலிக்காரருக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை.

தானியக் கொள்ளை

1876இன் இறுதி மாதங்களில் மாகாணத்தின் பல இடங்களில் தானிய வண்டிகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதிகாரிகள் இதைச் சட்ட ஒழுங்குச் சீர்குலைவாகவே பதிவு செய்தனர். இப்பஞ்சத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் டேவிட் ஆர்னால்டு இதில் வேறொரு பொருளைக் கண்டார். கூட்டத்தின் இலக்கு பெரும்பாலும் தானியமாகவே இருந்தது. தட்டுப்பாட்டில் தானியத்தைப் பதுக்கி விலையேற்றுவது முறையன்று என்ற பொது எண்ணம் அதன் பின்னே இருந்தது.

இக்கொள்ளைகள் பஞ்சத்தின் தொடக்கத்தில் மிகுந்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அப்போது மக்களின் உடலில் வலு இருந்தது. ஊராகக் கூடி நிற்கும் உறவும் இருந்தது.

உறவுகளின் முறிவு

உண்மையான சிதைவு அதன்பின் வந்தது. மக்கள் முதலில் நகைகளையும் பாத்திரங்களையும், பிறகு கால்நடைகளையும் வீட்டு மரச்சாமான்களையும் விற்றனர். விதைநெல்லும் உணவாயிற்று. கிழங்கும் கீரையும் கள்ளிப்பழமும் தேடி அலைந்தனர். அதுவும் தீர்ந்தபோது ஊரைவிட்டு வெளியேறினர். செங்கல்பட்டுப் பகுதி மக்கள் சென்னையை நோக்கி நடந்தனர். தென் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையினர் இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றனர்.

வழியில் குடும்பங்கள் பிரிந்தன. முதியவர்களும் குழந்தைகளும் கைவிடப்பட்டனர். யார் கையில் உண்பது, யாரோடு அமர்வது என்ற சாதிக் கட்டுப்பாடுகள் பசியின்முன் தளர்ந்தன. எனினும் சமைத்த உணவு வழங்கும் முகாமுக்குச் செல்வதை இழிவாகக் கருதிப் பட்டினியால் இறந்தோரும் உண்டு. சிறு திருட்டுகள் பெருகின, சிறைகள் நிரம்பின.

நிவாரண முகாம்கள்

1877 தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணி செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சிறைக் கைதிக்கு வழங்கப்பட்ட உணவைவிட இது குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. ஊரிலிருந்து பிரிக்கப்பட்டு நெருக்கமாக அடைக்கப்பட்டவர்களிடையே காலரா விரைந்து பரவியது.

மாமல்லபுரக் கரையை ஒட்டிச் செல்லும் கால்வாயின் சென்னைப் பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் விதமாக, 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை இக்கால்வாய் தாங்கி நிற்கிறது.

கஞ்சித் தொட்டிகள்

இதே காலத்தில் மறுபக்கமும் உண்டு. 1782 பஞ்சத்தின்போது சென்னையில் எழுந்த மணியக்காரர் சத்திரம், 'கஞ்சித் தொட்டி' என்ற பெயரில் மக்களிடம் நிலைத்தது. தாது வருடத்திலும் பசித்தோர் அங்குத் திரண்டனர். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு, அவர் மறைந்தபின்னும் அணையாமல் எரிந்தது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். இவை பசியின் பரப்போடு ஒப்பிட மிகச் சிறியவை. ஆனால் ஓரிடத்தில் நாள்தோறும் அடுப்பு எரிந்தால் அதைச் சுற்றி வரிசையும் முறையும் மீண்டும் அமைந்தன.

மதிப்பீடு

தாது வருடத்தில் நன்னடத்தை ஒரே நாளில் மறையவில்லை. முதலில் களத்துப் பங்கு அறுந்தது, பிறகு கூலி, பிறகு ஊர், கடைசியில் குடும்பம். காவலரும் நீதிமன்றமும் இருந்தும் இச்சிதைவைத் தடுக்க இயலவில்லை. அவை சொத்தைக் காத்தனவேயன்றி, பங்கை ஈடுசெய்யவில்லை.

1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம் இப்படிப்பினையை ஓரளவு ஏற்றது. உடல்நலம் காக்கப் போதிய கூலி தரவேண்டும். மக்கள் நலிவதற்கு முன்பே பணிகளைத் தொடங்கவேண்டும். உழைக்க இயலாதோருக்கு அவரவர் கிராமத்திலேயே உதவி வழங்கவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இவற்றின் அடிப்படையில் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின. மக்கள் ஊரைவிட்டு வெளியேறத் தொடங்குவது பேரழிவின் அறிகுறி என்பதால், அதற்கு முன்பே உதவி சென்றடைய வேண்டும் என்பது அதன்பின் நிருவாகத்தின் பாடமாயிற்று.