மறவாதே என்னும் மலரும் நம் தேள்கொடுக்கும்

ஆங்கிலக் கலாசாலையில் பயின்ற நம்மவர்க்கு, பர்கெட்மீநாட் என்னும் பூ பாடப்புத்தகத்தின் வாயிலாகவே அறிமுகம். ‘என்னை மறவாதே’ என்பது அதன் பொருள். ஐந்து நீல இதழ்களும் நடுவே மஞ்சட் கண்ணும் உடைய அப்பூவைப் பாட்டில் மனனம் செய்தோமேயன்றிப் பினாங்கில் கண்டோமில்லை. காண்பது எங்ஙனம்? குளிர்ந்த இரவும், நிழலும், ஈரம் மாறாத மண்ணும் வேண்டும் செடி அது. 1884இல் சார்லஸ் கர்டிஸ், தண்ணீர்மலை அடிவாரத்தில் பழைய கல்லுடைப்பு நிலத்தைத் திருத்தி அமைத்த தோட்டத்திலும் வெப்பநாட்டுச் செடிகளே செழித்தன. விதையிட்டுப் பார்க்க ஆசையுள்ளோர் 833 மீட்டர் உயர்ந்த கொடிமலையில் முயலலாம். ஜார்ஜ் டவுன் வெயிலில் நாற்று தாங்காது.

இனி அதன் பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். ‘மறவாதே’ என்னும் பெயரை ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் முன்னரே வழங்கினர். ஆங்கிலேயரோ நெடுங்காலம் இச்செடியைத் ‘தேட்புல்’ என்றே அழைத்தனர். அரும்புகள் நிறைந்த தண்டு தேளின் வால்போல் சுருண்டிருப்பதே காரணம். 1802இல் கவிஞர் கோல்ரிட்ஜ் தம் பாட்டொன்றில் புதுப்பெயரை எடுத்தாண்டார். 1822இல் ஆக்கர்மன் என்னும் பதிப்பாளர் அப்பெயராலேயே லண்டனில் ஒரு பரிசுமலர் வெளியிட்டார். அதன்பின் தேளை யார் நினைப்பர்? காதலர் கைக்கு ஏற்ற பெயரே நிலைத்தது.

ஆனால் அந்தச் சுருண்ட வாலை நம் மூதாதையரும் கண்டிருந்தனர். சாக்கடையோரத்திலும் வெற்று மனையிலும் தானே முளைக்கும் தேள்கொடுக்குச் செடியைப் பாருங்கள். வளைந்த தண்டில் வெளிர்நீலப் பூக்கள் வரிசையாக அமைந்திருக்கும். பூச்சிக்கடிக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவது நாட்டு வழக்கம். (உள்ளுக்குத் தின்னலாகாது, ஈரலுக்குக் கேடு.) இரண்டும் உறவுச் செடிகள். 1753இல் லின்னேயஸ் தம் நூலில் இவ்விரண்டிற்கும் அருகருகே இடமளித்து, ஆங்கிலேயரின் பூவுக்குத் ‘தேள் போன்றது’ என்றும், நம்முடையதற்கு ‘இந்தியாவினது’ என்றும் லத்தீனில் அடைமொழி சூட்டினார்.

இத்தகைய உறவு இருப்பதை எந்த ஆசிரியரும் எமக்குச் சொன்னதில்லை. தோட்டத்தில் களைவெட்டுக் கணக்கு எழுதுபவன் நான். அக்கணக்கில் தேள்கொடுக்குக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘களை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். வெட்டும் பெண்டிருள் மூத்தோர் மட்டும் அதன் பெயரை இன்னும் சொல்கின்றனர்.