வாக்கு சேகரித்தவர்களுக்கு வாக்கில்லை

பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றி வகுப்பெடுத்த ஒருநாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேம், அடிமைமுறைய ஒழிச்ச லிங்கனோட கட்சிதானே ரிபப்ளிகன் கட்சி? அப்புறம் ஏன் கறுப்பினப் பெண்கள் அதுக்கு ஓட்டுப் போடறதில்ல?” 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்திருந்த சமயம். வாக்களித்த கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் கமலா ஹாரிஸை ஆதரித்தார்கள் என்ற செய்தியை அவள் படித்திருந்தாள். “கட்சி மாறிப்போச்சும்மா” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. பால் தயிராக மாறுவதுபோல ஒரு கட்சி தானாக மாறிவிடுமா? யார் மாற்றினார்கள்? மாறாமல் தடுக்கப் பார்த்தவர்கள் யார்? நான் சொன்ன ஒற்றை வரியில் இந்த மனிதர்கள் எவருக்கும் இடமில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்சிக்காக வீடு வீடாகப் போன கறுப்பினப் பெண்களின் கதை இது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1870இல் வந்த பதினைந்தாவது அரசியல் சட்டத் திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. பெண்ணைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாக்குச்சீட்டு கறுப்பின ஆண்களின் கைக்கு வந்ததோடு நின்றது.

ஆனால் பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் 1867இல் ரிபப்ளிகன் கட்சி மாநாடு நடந்தபோது, புகையிலைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கறுப்பின மக்கள் வேலையை விட்டுவிட்டுத் திரண்டு போனார்கள். பெண்களும் போனார்கள். பொதுக்கூட்டங்களில் தீர்மானங்கள் வந்தபோது ஆண்களோடு சேர்ந்து தங்கள் ஆதரவையும் எதிர்ப்பையும் தெரிவித்தார்கள். இதை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் எல்சா பார்க்லி பிரவுன் ஒரு முக்கியமான கருத்தைச் சொல்கிறார். அந்தப் பெண்கள் வாக்கைக் கணவனின் தனிச்சொத்தாக நினைக்கவில்லை. அது குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் பொதுவானது, அதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் இதை யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அன்றைய டெமாக்ரடிக் கட்சி, தெற்கு மாநிலங்களில் பழைய அடிமை முதலாளிகளின் கட்சி. எனவே ரிபப்ளிகன் கட்சியின் மீது கறுப்பின மக்கள் வைத்த பற்று வெறும் நன்றிக்கடன் என்று சொல்லிவிட முடியாது. உயிரோடு இருக்க வேண்டுமானால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

அந்தப் பற்றைக் கட்சி என்ன செய்தது? 1877க்குப் பிறகு தெற்கிலிருந்து ராணுவத்தை விலக்கிக்கொண்டு, அங்குள்ள கறுப்பின மக்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டது. அடுத்து, கட்சிக்குள்ளேயே கறுப்பினத் தலைவர்களை ஓரங்கட்டும் வேலை தொடங்கியது. கறுப்பர்கள் தலைமையில் இருக்கும்வரை வெள்ளையர்கள் நம் பக்கம் வரமாட்டார்கள் என்பது அதற்குச் சொன்ன நியாயம். டெக்சாஸில் அடிமையாகப் பிறந்து கட்சித் தலைமைக்கு உயர்ந்த நாரிஸ் ரைட் கியூனி, 1888இல் இந்தக் கும்பலுக்கு ‘லில்லி வெள்ளையர்கள்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

கியூனியின் வாழ்க்கையை 1913இல் நூலாக எழுதியவர் அவருடைய மகள் மாட் கியூனி ஹேர். இசைக்கலைஞர். 1890இல் பாஸ்டனில் இசை பயின்றபோது, தெற்கிலிருந்து வந்த வெள்ளை மாணவிகளின் பெற்றோர் ஆட்சேபித்ததால், விடுதியைவிட்டு வெளியேறும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அவர் வெளியேறவில்லை. அப்பாவும் மகளைத் திருப்பி அழைத்துக்கொள்ள மறுத்தார். கட்சிக்குள் தந்தை சந்தித்த அதே ‘கொஞ்சம் விலகிக்கொள்’ என்ற சொல்லை மகள் விடுதியில் சந்தித்திருக்கிறார்.

இனி சிகாகோவுக்கு வருவோம். வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களை அடித்துக் கொன்றதை ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், 1913இல் அங்கே ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு இல்லினாய்ஸ் மாநிலம் பெண்களுக்கு ஓரளவு வாக்குரிமை கொடுத்தது. சங்கத்துப் பெண்கள் தெருத் தெருவாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெண்களைச் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்று ஆண்கள் கேலி செய்ததை வெல்ஸ் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கறுப்பின மக்கள் நிறைந்த வார்டில் அவர்கள் ஆதரித்த கறுப்பின வேட்பாளர் 1914இல் தோற்றார். ஆனாலும் அவருக்கு விழுந்த வாக்குகளைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் சங்கத்தைத் தேடி வந்தார்கள். அடுத்த முறை கறுப்பினத்தவர் ஒருவரை நிறுத்துவதாக வாக்களித்தார்கள். 1915இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிகாகோவின் முதல் கறுப்பின நகரமன்ற உறுப்பினரானார். 1928இல் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஏறிய முதல் படியைக் கட்டிக்கொடுத்தவர்களில் அந்தப் பெண்களும் உண்டு.

1920இல் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. புதிதாக வந்த கறுப்பினப் பெண் வாக்காளர்களைத் திரட்ட ரிபப்ளிகன் கட்சி இருவரைப் பெரிதும் நம்பியது. ஒருவர் மேரி சர்ச் டெரல்: கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கத்துக்கு 1896இல் முதல் தலைவரானவர், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் பேச வல்லவர். 1920 தேர்தலில் கிழக்குப் பகுதியின் கறுப்பினப் பெண்களிடையே பிரச்சாரத்தை நடத்தும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. மற்றவர் நானி ஹெலன் பரோஸ்: உழைக்கும் வீட்டுப் பெண்களுக்காக 1909இல் வாஷிங்டனில் பள்ளி தொடங்கியவர். 1924இல் உருவான கறுப்பின ரிபப்ளிகன் பெண்களின் தேசிய லீகுக்கு அவர்தான் தலைவர்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி, நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று சட்ட வரலாற்றை மறுபடி சரிபார்த்தேன். இருவரும் தலைநகர் வாஷிங்டனில் வாழ்ந்தவர்கள். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத நகரம். அந்நகரவாசிகளுக்கு அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1961 மார்ச் மாதம் இருபத்து மூன்றாவது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் வந்தது. டெரல் 1954இல் இறந்துவிட்டார். பரோஸ் 1961 மே மாதம் இறந்தார். பெண்ணுக்கு வாக்கு கிடைத்துவிட்டது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்கள், தாங்கள் வாழ்ந்த ஊரில் அதிபருக்கு ஒரு வாக்குப் போட வழியில்லாதவர்கள். கட்சிக்கு அவர்களுடைய குரல் தேவைப்பட்டது, கால்கள் தேவைப்பட்டன, அவர்கள் கையிலிருந்த பெயர்ப் பட்டியல் தேவைப்பட்டது.

1928 தேர்தலில் பரோஸும் அவருடைய தோழிகளும் ஹெர்பர்ட் ஹூவருக்காகப் பாடுபட்டார்கள். ஹூவர் வென்றார். டெக்சாஸ், வர்ஜீனியா உட்பட, ஒருகாலத்தில் அடிமைமுறைக்காகப் போரிட்ட ஐந்து மாநிலங்களும் அவருக்குக் கிடைத்தன. அந்த வெற்றிக்குப் பிறகு கட்சியின் கணக்கு மாறியது. தெற்கில் வெள்ளையர்களின் வாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கறுப்பினத் தலைவர்கள் சுமையாகத் தெரிந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு தேநீர் விருந்து நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனைவியரை வெள்ளை மாளிகைக்குத் தேநீருக்கு அழைப்பது வழக்கம். ஆஸ்கர் டி பிரீஸ்டின் மனைவி ஜெஸ்ஸியை அழைக்காமல் விடமுடியாது. அதிபரின் மனைவி லூ ஹூவர் விருந்தைப் பல நாட்களாகப் பிரித்தார். ஜெஸ்ஸியோடு ஒரே அறையில் உட்கார முகம் சுளிக்காதவர்கள் என்று தெரிந்த ஒரு சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, 1929 ஜூன் 12 அன்று அவர்களோடு ஜெஸ்ஸியையும் அழைத்தார். செய்தி வெளியே வந்ததும் தெற்கில் கொந்தளிப்பு. டெக்சாஸ் உட்படச் சில மாநிலச் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானமே நிறைவேற்றின. ஒரு கறுப்பினப் பெண் ஒரு கோப்பைத் தேநீர் குடித்ததற்குச் சட்டமன்றத் தீர்மானம்! ஒரே பந்தியில் உட்காருவதும் ஒரே குவளையில் குடிப்பதும் எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. லூ ஹூவர் துணிந்தார் என்பது உண்மை. அந்தத் துணிச்சலும் விருந்தாளிகளைச் சலித்துப் பொறுக்கிய பிறகே வந்தது என்பதும் உண்மை.

மறு ஆண்டு ஜான் பார்க்கர் என்பவரை ஹூவர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். கறுப்பினத்தவர் அரசியலில் பங்கேற்பது தீமை என்று 1920இல் பேசியவர் அவர். கறுப்பின அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்துப் போராடின. செனட் சபை 41க்கு 39 என்ற வாக்கில் அவரை நிராகரித்தது.

அதே 1930இல் நடந்த இன்னொன்று என்னை அதிகம் வருத்தியது. இல்லினாய்ஸில் ரூத் ஹன்னா மக்கார்மிக் என்ற வெள்ளைப் பெண் ரிபப்ளிகன் கட்சி சார்பில் செனட் பதவிக்குப் போட்டியிட்டார். கறுப்பினப் பெண்களின் ஆதரவைத் திரட்ட வாஷிங்டனிலிருந்து டெரலை அவர் வரவழைத்தார். சிகாகோப் பெண்கள் கொதித்தார்கள். இந்த ஊரில் பதினேழு வருடமாக வேலை செய்தவர்கள் நாங்கள் இருக்க, வெளியூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதா என்று கேட்டவர்களில் வெல்ஸும் ஒருவர். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். இருவரும் மெம்ஃபிஸ் நகரத்தோடு தொடர்புள்ளவர்கள். 1892இல் அங்கே மூன்று கறுப்பின வணிகர்கள் கொல்லப்பட்டபோது இருவருமே நண்பரை இழந்தவர்கள். அந்த மரணம்தான் இருவரையும் பொதுவாழ்வுக்குள் தள்ளியது. நாற்பதாண்டுக்குப் பிறகு, யாரோ ஒருவருடைய தேர்தல் அலுவலகத்தில் கிடைத்த ஒரே நாற்காலிக்காக எதிரெதிரே நிற்கவேண்டி வந்தது. நாற்காலி ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தவர் வேறு எங்கோ இருந்தார்.

வெல்ஸ் அந்த ஆண்டு எந்தக் கட்சியின் தயவும் இல்லாமல் மாநில செனட்டுக்குச் சுயேச்சையாக நின்றார், தோற்றார். மறு ஆண்டு இறந்துபோனார். தோல்வி என்றுதான் பதிவாகியிருக்கிறது. வாக்குக் கேட்டுத் தர மட்டுமே அழைக்கப்பட்ட ஒருத்தி, தன் பெயருக்கே வாக்குக் கேட்டாள் என்பதாக நான் அதை வாசிக்கிறேன்.

அதற்கடுத்த கதை பலருக்கும் தெரிந்தது. 1936இல் கறுப்பின வாக்காளர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் டெமாக்ரட் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார்கள். ஆனாலும் உறவு முழுவதும் அறுந்துவிடவில்லை. 1960இல்கூட நிக்சனுக்குக் கறுப்பின வாக்குகளில் சுமார் 32 விழுக்காடு கிடைத்தது. 1964இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரைக் கட்சி வேட்பாளராக்கியது. இத்தனைக்கும் அதே சட்டத்தை நாடாளுமன்றத்தில் அக்கட்சியின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஆதரித்திருந்தார்கள். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது 6 விழுக்காடு. தெற்கின் வெள்ளை வாக்குகளுக்காகப் பின்னாளில் வகுக்கப்பட்ட உத்தியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் விதை 1888இலேயே தூவப்பட்டுவிட்டது. முதல் அறுவடை 1928இல் நடந்துவிட்டது. 2005இல் கட்சித் தலைவர் கென் மெல்மன் கறுப்பின அமைப்பின் மாநாட்டில், இனப் பிளவிலிருந்து அரசியல் லாபம் தேடியது தவறு என்று ஒப்புக்கொண்டார். 2009இல் மைக்கேல் ஸ்டீல் கட்சியின் முதல் கறுப்பினத் தேசியத் தலைவரானார். அடுத்த ஆண்டு தேர்தலில் கட்சி பெரிதாக வென்றும், இரண்டே ஆண்டில் பதவியை இழந்தார்.

2012 தோல்விக்குப் பிறகு, சிறுபான்மையினரையும் பெண்களையும் சென்றடைய வேண்டும் என்று கட்சி 2013 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றே மாதத்தில், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பாதுகாப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. உடனே வட கரோலினாவில் அக்கட்சியின் அரசு, அடையாள அட்டை கேட்டும் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் குறைத்தும் புதுச் சட்டம் போட்டது. அது கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்று சொல்லி 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு கை அழைக்கிறது, மறு கை கதவைச் சாத்துகிறது. டெரலும் பரோஸும் இதைப் பார்த்திருந்தால் வியந்திருக்கமாட்டார்கள்.

2014இல் யூட்டா மாநிலத்திலிருந்து மியா லவ் வென்றார். ஹெய்ட்டியிலிருந்து குடியேறியவர்களின் மகள். நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பின ரிபப்ளிகன் பெண். 1920இல் டெரல் தொடங்கிய வேலைக்கு 94 ஆண்டு கழித்துக் கிடைத்த ஓர் இடம். 2018இல் எழுநூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். எண்ணிக்கை முடியும் முன்பே, தன்னிடம் அன்பு காட்டாததால் தோற்றார் என்று அவர் பெயரையே சிலேடையாக்கி அதிபர் டிரம்ப் ஏளனம் செய்தார். தோல்வியை ஏற்றுப் பேசிய உரையில் மியா லவ் ஓர் உண்மையைச் சொன்னார்: தன் கட்சி சிறுபான்மை மக்களோடு கொடுக்கல் வாங்கல் உறவுதான் வைத்திருக்கிறது, அவர்களை வீட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் கடைசிவரை பழமைவாதியாகவே இருந்தார். அதனாலேயே அந்தச் சொல்லுக்குக் கூடுதல் எடை இருப்பதாக நினைக்கிறேன். 2025 மார்ச்சில், 49 வயதில் இறந்துபோனார்.

இந்தப் பெண்கள் ஏமாளிகளா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை. தெற்கில் கொலை செய்த கட்சி ஒன்று, கைவிட்ட கட்சி ஒன்று என்று இரண்டுதான் அவர்கள் முன்னால் இருந்தன. இரண்டாவதன் மனசாட்சியோடு அவர்கள் அறுபது ஆண்டு வாதாடினார்கள். கட்சி அதைக் கேட்காதது அவர்களுடைய தோல்வியாகாது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவியிடம் என் பழைய பதிலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெல்ஸ், டெரல், பரோஸ், ஜெஸ்ஸி என்று நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் இன்னொரு கேள்வி கேட்டாள்: “அப்ப டெமாக்ரடிக் கட்சி மட்டும் அவங்கள வீட்டுக்குள்ள சேத்துக்கிச்சா மேம்?”

அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லும் தைரியம் இம்முறை எனக்கு வரவில்லை. அதை அவளுடைய ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.